சாதனைப் பட்டியலும் பூச்செண்டும்: சர்வதேச உறவுகள் துறையை எதை வைத்து அளப்பது?

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 2

அக்கா, தங்கச்சி உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். சர்வதேச உறவுகள்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். துறைகளின் முகநூல் பக்கங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதைதான்: ஒரு தங்கப் பதக்கம், இரண்டு வெளிநாட்டுப் புலமைப்பரிசில், மாதிரி ஐ.நா. போட்டியில் ஒரு கோப்பை, விரிவுரையாளர் ஒருவர் கையில் பூச்செண்டு. இதை வைத்து எது நல்ல துறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் படம் காட்டுகிற வேலை என்பது என் கட்சி.

பெப்ரவரி 2, இரவு

படம் காட்டுகிற வேலைதான். ஆனால் படத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நானும் கொழும்பில் அப்படியொரு துறையில் படித்தவள். எந்தக் கம்பஸ் என்று எழுதப்போவதில்லை. குறையும் சொல்ல வேண்டி வரும், பெயர் வேண்டாம். இப்போது வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ஸ்கொலர்ஷிப் செய்தி முகநூலில் வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளை பிறப்புச் சான்றிதழோடு என் கந்தோர்ப் படியேறி வந்துவிடும். யார் போகிறார்கள், யார் திரும்பி வந்து கல்யாணப் பதிவை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள், யார் தாங்கள் வராமல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறார்கள் என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும்.

ஒவ்வொன்றாக எழுதுகிறேன். இன்று நேரமில்லை.

பெப்ரவரி 4

தங்கப் பதக்கம். எனக்குக் கிடைக்கவில்லை, என் போர்டிங் தோழிக்குக் கிடைத்தது. நீல வெல்வெட் பெட்டி. அன்று மழை, பெட்டியின் சாயம் அவள் சேலை முழுக்க ஒட்டிக்கொண்டது. அவள் அம்மா அதை நகையோடு நகையாக அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு வருடம் கழித்து விளிம்பு கறுத்துப்போக, செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு, எலுமிச்சம்பழம் போட்டுத் துடைக்கச் சொன்னாராம்.

அந்தப் பதக்கம் பொய் என்று சொல்லவில்லை. நான்கு வருடம் கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டே எடுத்த புள்ளி அது. ஆனால் அது அவளைப் பற்றிச் சொல்கிறது. துறையைப் பற்றி என்ன சொல்கிறது? யாரோ ஒருவர் முதலாவதாக வந்தே ஆக வேண்டும். துறை எவ்வளவு மோசமாக இருந்தாலும் பதக்கம் ஒன்று இருக்கும். எனவே தம்பி, பதக்கத்தை எண்ணாதீர்கள்.

பெப்ரவரி 4, பிறகு

பட்டமளிப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்களுக்கு அது பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடந்தது. சீனா கட்டிக்கொடுத்து 1973இல் திறந்த மண்டபம். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் 5ஆவது உச்சிமாநாடு நடந்த இடம். ஹட்டனில் இருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்த அப்பாவிடம், "டிட்டோவும் இந்திரா காந்தியும் உட்கார்ந்த மண்டபம் இது" என்றேன். அவர் கதிரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது புதுசு மாதிரி இருக்கே" என்றார்.

பெப்ரவரி 7

மாதிரி ஐ.நா. மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து ஐ.நா. கூட்டம் போலவே விவாதிக்கிற போட்டி. இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பின் பெரிய பள்ளிக்கூடங்களில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கோட் போட்டுக்கொண்டு மேடையேறி, "மாண்புமிகு தலைவர் அவர்களே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் அரை மணி நேரம் நிற்காது. எங்கள் மாதிரித் தோட்டப்புறத்தில் இருந்தும், மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கம் இருந்தும் வந்தவர்களுக்குக் கிடைப்பது பெயர் தெரியாத நாடு. எனக்கு புர்கினா ஃபாசோ. இரண்டு வாரம் படித்தேன். அந்த நாட்டின் பருத்திப் பிரச்சினை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், யாரும்தான் கேட்பதில்லை.

கோப்பையை வாங்கியது பேசியவர்கள். ஆனால் அந்த வருடம் வென்ற தீர்மானத்தை எழுதியது மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி. மூன்று நாளும் வாய் திறக்கவில்லை. நடைபாதையில், தண்ணீர்ப் போத்தல் பெட்டியின் மேல் தாளை வைத்து, இரண்டு அணியும் ஒத்துக்கொள்கிற மாதிரி வாசகத்தை மாற்றி மாற்றி எழுதினாள். "கண்டிக்கிறது" என்றிருந்ததை "கவலையுடன் கவனத்தில் கொள்கிறது" என்று மாற்றியது அவள்தான். நிஜ ஐ.நா.வில் பாதி வேலை இதுதான். படத்தில் அவள் இல்லை. படம் எடுத்தபோது பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 9

துறையில் படித்தால்தான் இராஜதந்திரி ஆகலாம் என்று தங்கச்சி நினைக்கிறாளா? வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் தோற்றலாம். பொறியியல் படித்தவர்கூட எழுதி உள்ளே போகலாம். ஆகவே "எங்கள் மாணவர் வெளிநாட்டுச் சேவையில்" என்ற வரியைத் துறையின் கணக்கில் முழுதாக வரவு வைக்க முடியாது.

பழைய ஆட்களைப் பாருங்கள். ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க படித்தது கிரேக்கமும் லத்தீனும். அவர்தான் 1976இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவர். 1973இல் தொடங்கிய மூன்றாவது கடல் சட்ட மாநாட்டுக்கும் தலைவராக இருந்து, 1982இல் சமவாயம் கையெழுத்தாகும்வரை நடத்தியவர். கிறிஸ்டோபர் வீரமந்திரி சட்டக்காரர். 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்ற நீதிபதி. வெளிவிவகார அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரும் சட்டம். ராதிகா குமாரசுவாமியும் சட்டம். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதல் விசேட அறிக்கையாளராக 1994இல் நியமிக்கப்பட்டவர்.

பெப்ரவரி 10

நேற்று ஒரு பிழை விட்டுவிட்டேன். அமரசிங்க 1980 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். மிச்ச வேலையைத் தலைமை தாங்கி முடித்தவர் சிங்கப்பூரின் டொமி கோ. ஜமெய்க்காவில் மொண்டிகோ பேயில் 1982 டிசம்பர் 10 அன்று கையெழுத்தானபோது நம்ம ஆள் உயிரோடு இல்லை. பழைய வகுப்புத் தோழன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு அழைத்துத் திருத்தினான். வேறு எதற்கும் அழைக்க மாட்டான்.

அவனே இன்னொன்றும் சொன்னான். அந்த மாநாட்டு இறுதி ஆவணத்தின் இரண்டாவது இணைப்பைப் போய்ப் படி என்றான். வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கடலடி வண்டல் மிகத் தடிப்பாகப் படிந்திருக்கிறது. பொது விதிப்படி கணக்குப் போட்டால் இலங்கையின் கண்டமேடை, அதாவது கடலடி வளங்களில் நாட்டுக்கு உரிமை உள்ள பகுதி, உரியதைவிடக் குறைந்துபோகும். அதற்காக, வண்டல் 1 கிலோமீற்றர் தடிப்பாக உள்ள இடம்வரை கோடு போடலாம் என்று நம் பிரதிநிதிகள் ஒரு விசேட முறையை ஏற்கச் செய்தார்கள். அதை வைத்துத்தான் 2009 மேயில் இலங்கை ஐ.நா.வில் உரிமை கோரியது. சாதனை என்றால் இப்படி: இணைப்புக்குள் ஒளிந்திருக்கும், பூச்செண்டு கிடையாது, முப்பது வருடம் கழித்துத்தான் வேலைக்கு வரும்.

பெப்ரவரி 10, இன்னும் கொஞ்சம்

என் வாதத்தையே நான் குழப்பிக்கொண்டேன் பார்த்தீர்களா? துறையில் படிக்காமலே ஆகலாம் என்று தொடங்கி, இந்த இணைப்பு பற்றித் துறையில் படித்த எனக்கே நேற்றுவரை தெரியாது என்பதில் வந்து நிற்கிறேன். சரி, இருக்கட்டும்.

பெப்ரவரி 16

கட்டுரைப் போட்டிப் பரிசுகளையும் பட்டியலில் போடுகிறார்களே, அதைக் கிண்டல் செய்து அரைப்பக்கம் எழுதி அழித்துவிட்டேன். காரணம் ஜயந்த தனபால. கண்டியில் பள்ளி மாணவனாக இருந்தபோது 1957இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று நடத்திய கட்டுரைப் போட்டியில் வென்று, அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போனார். அன்றைக்கு அது ஒரு பையனின் பயணம், அவ்வளவுதான். அந்தப் பையன்தான் 1995இல் நியூயோர்க்கில் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையின் மீளாய்வு மாநாட்டுக்குத் தலைவர். உடன்படிக்கையைக் காலவரையறையின்றி நீடிக்கும் முடிவை வாக்கெடுப்புக்கு விடாமலே எடுக்க வைத்தார்.

சின்னப் பரிசு என்று சிரிக்கக் கூடாது. சிரித்ததை வாபஸ் வாங்குகிறேன். பூச்செண்டு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

பெப்ரவரி 23

புலமைப்பரிசில். இங்கேதான் பட்டியல் கொஞ்சம் ஏமாற்றும்.

செவனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருட மாஸ்டர்ஸ், பிரித்தானிய அரசின் செலவு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கவே 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், ஏறத்தாழ இரண்டு வருட வேலை. முடித்தபின் குறைந்தது இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆகவே "எங்கள் மாணவி செவனிங் பெற்றார்" என்றால் அவள் கம்பஸை விட்டு எப்போதோ போனவள். இடையில் அவளுக்கு வேலை கொடுத்தவன், விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்த சீனியர், இவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசிலில் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. என் மேசைக்கு அண்ணன்மார் கொண்டுவரும் தாள்களில் அதிகம் அந்த வகைதான்.

விரிவுரையாளர்கள் கலாநிதிப் பட்டத்துக்குப் போவதும் சாதனைப் பட்டியலில் வரும். சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பிணைக் கையெழுத்து வாங்கித்தான் அனுப்புவார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு பிணைப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டவர்களையும் தெரியும். குற்றம் சொல்ல மாட்டேன். எரிவாயு சிலிண்டருக்கு நான் நின்ற வரிசையில் அவர்களும்தான் நின்றார்கள். ஆனால் முதல் வருடத்தில் "வாழ்த்துகிறோம்" என்று படம் போட்ட துறையில் மூன்றாம் வருடம் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை. எங்கள் பட்ச்சுக்கு மத்திய கிழக்கு அரசியல் அப்படித்தான் போனது. அரை செமஸ்டர் முழுக்க ஸ்லைடு வாசிப்பு.

எனவே தங்கச்சி கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் கலாநிதி என்பதல்ல. இந்த வருடம் எத்தனை பேர் வகுப்பில் நிற்கிறார்கள் என்பது.

பெப்ரவரி 23, பின்னேரம்

"எல்லோரும் திரும்பி வந்துவிட்டால் உங்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை குறைந்துவிடுமே" என்று தம்பி கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

மார்ச் 2

ஆய்வுக் கட்டுரைகள். பேராசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளி போடுகிற திட்டம் ஒன்று உண்டு: ஆய்வு, கற்பித்தல், சேவை என்று தலைப்புத் தலைப்பாக. நல்ல சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரைக்குப் பின்னால் மூன்று வருட உழைப்பு இருக்கலாம். அதைப் பட்டியலில் போட்டால் கைதட்டுவேன். ஆனால் ஏழு நாளில் பிரசுரிக்கிறோம், காசு மட்டும் கட்டுங்கள் என்று வருகிற சஞ்சிகைகளும் இருக்கின்றன. மாணவர் கருத்தரங்கு ஒன்றில் என் கட்டுரையின் சுருக்கம் வந்ததற்கே எனக்கு மின்னஞ்சல் வரத் தொடங்கிவிட்டது: "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே". வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பேராசிரியர் முதலில் போய்த் தேங்காய் துருவட்டும் என்றார்.

இனி, பட்டியலில் வராத ஒன்று. எங்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில். முதல் வருடம் பாதிப் பேர் முழிப்போம். மட்டக்களப்பைச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர், நாங்கள் சேர் என்போம், நிரந்தர நியமனம்கூட இல்லை, சனிக்கிழமைகளில் வெறும் வகுப்பறை ஒன்றில் எங்கள் பதினைந்து பேருக்குத் தமிழில் விளக்குவார். டிட்டரன்ஸ் என்ற சொல் வந்தது. "அச்சுறுத்தித் தடுத்தல்" என்று பலகையில் எழுதினார். பிறகு, "வாசலில் நாய் கட்டியிருக்கிறது. அது கடிக்கத் தேவையில்லை. கடிக்கும் என்று திருடன் நம்பினால் போதும்" என்றார். பின்வரிசையில் ஒருவன், "நாய்க்குப் பல் இல்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிட்டால், சேர்?" சேர் சோக்கைக் கீழே வைத்துவிட்டு, "அதுதான் அடுத்த கிழமைப் பாடம், நீ இப்பவே வந்துவிட்டாய்" என்றார்.

அவர் நாற்பது பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்திருந்தார். இறைமை என்று நாம் எழுதுவதை இந்தியத் தமிழ் நூல்கள் இறையாண்மை என்கின்றன, அதனால் குழம்பாதே என்று ஓரத்தில் குறிப்பு. பவர் என்பதற்கு அதிகாரமா, வலுவா என்று ஒரு முழுப் பக்கம். "வலுச் சமநிலை" என்றே எழுதுங்கள், அதிகாரம் என்றால் கிராம சேவகர் ஞாபகம் வருகிறது என்பார். அந்தப் பட்டியலின் போட்டோகொப்பி என் மேசை லாச்சியில் இன்றும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பேன்.

அந்த வகுப்புக்கு எந்தத் தலைப்பில் புள்ளி என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார்.

மார்ச் 5

திருத்தம். மட்டக்களப்புத் தோழி செய்தி அனுப்பியிருக்கிறாள் (ஆமாம், தண்ணீர்ப் போத்தல் பெட்டித் தோழியேதான்). சொற்பட்டியலைத் தொடங்கியது சேர் இல்லையாம். எங்களுக்கு முந்திய பட்ச்சில் இரண்டு பேர் தங்களுக்காக எழுதி வைத்ததை அவர் வாங்கித் திருத்தி, பெருக்கியிருக்கிறார். முதல் பக்க மூலையில் இரண்டு பேரின் முதலெழுத்துகள் இருப்பதாகச் சொன்னாள். எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. இத்தனை வருடமாக அதை ஏதோ பக்கக் குறியீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19

கொஞ்ச நாள் வரவில்லை. அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) உடம்பு சரியில்லை, ஹட்டனுக்குப் போயிருந்தேன். இப்போது பரவாயில்லை.

அவரைப் பார்த்ததில் என் ஆய்வேடு ஞாபகம் வந்தது. தலைப்பு 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். புத்தகத்தில் அது எண்களாக இருக்கும்: பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளி மக்கள் 975,000 பேர், அதில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஷெல்டன் கொடிகார 1965இல் இந்திய–இலங்கை உறவு பற்றி எழுதிய நூலை நூலகத்தில் உட்கார்ந்து கையால் குறிப்பெடுத்தேன். ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் வந்த நூல்.

எல்லாம் எடுத்துக்கொண்டு அம்மாயியிடம் போய், அந்த ஒப்பந்தத்தைப் பற்றி என்ன கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டேன். "ஒப்பந்தமா? எங்ககிட்ட யாரு ஒப்பந்தம்னு சொன்னா? நீங்க இந்தியாவுக்கு எழுதிட்டீங்களா, இலங்கைக்கு எழுதிட்டீங்களான்னுதான் கேப்பாங்க" என்றார். அவர் அண்ணன் இந்தியாவுக்கு எழுதினார். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், கடைசியில் கோத்தகிரி. அம்மாயி இலங்கைக்கு எழுதினார். அண்ணன் கொண்டுபோன தகரப் பெட்டியை இப்போதும் அங்கே வைத்திருக்கிறார்கள், படம் அனுப்பினார்கள். வெள்ளைப் பெயின்றில் குடும்பப் பெயர். இங்கே எங்கள் தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்ட பெயர் அந்தப் பெட்டியில் மட்டும் சரியாக இருக்கிறது.

ஆய்வேட்டுக்கு பி பிளஸ். "நேர்காணல் அதிகம், கோட்பாடு குறைவு" என்று பரிசோதகர் எழுதியிருந்தார். ரொம்ப நாள் அதை மனக்குறையாக வைத்திருந்தேன். இந்தத் தடவை எடுத்து வாசித்தேன். அவர் சொன்னது சரி. கோட்பாட்டு அத்தியாயம் இரண்டு இரவில் எழுதியது, பார்த்தாலே தெரிகிறது. ஆனால் மேற்பார்வையாளர், தமிழே தெரியாத மெடம், அம்மாயியின் வாக்கியங்களைத் தமிழிலேயே விட்டு, கீழே மொழிபெயர்ப்பைப் போடச் சொன்னார். நான் முதன்முதலாக ஒழுங்காகச் செய்த மொழிபெயர்ப்பு அதுதான். இப்போது சாப்பிடுவது அதில்.

மார்ச் 20

தம்பிக்கு நேரடிப் பதில். தங்கச்சியை அந்தந்தத் துறை நூலகத்துக்குப் போய்க் கடைசி மூன்று வருட ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே தலைப்பு, சீனாவின் கடன் என்றோ இந்து சமுத்திரம் என்றோ, பெயரை மட்டும் மாற்றிப் பத்துத் தடவை வந்தால் யாரும் உட்கார்ந்து வழிகாட்டவில்லை என்று அர்த்தம். பாக்கு நீரிணை மீன்பிடி பற்றி ஒருவர் மன்னாருக்குப் போய், கடலடியை வாரி மீன் பிடிக்கும் இழுவைமடிக்காரர்களிடமும் சிறு வள்ளக்காரர்களிடமும் பேசி எழுதியிருந்தால், அங்கே யாரோ ஒருவர் வேலை செய்கிறார். 2017இல் இழுவைமடியைத் தடை செய்யும் சட்டத் திருத்தம் வந்தது எல்லோருக்கும் தெரியும். பிறகு கரையில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் தெரிந்த பிள்ளைதான் நேரே கேட்டு எழுதலாம். அது தங்கச்சியின் கையில் உள்ள துருப்பு. ஆங்கிலம் போதாது என்று அழுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருந்தேன்.

இன்னொன்று: பல இடங்களில் முதலில் கலைப்பீடத்துக்குத்தான் அனுமதி, முதல் வருடப் புள்ளியைப் பார்த்துத்தான் துறை. இப்போதே சண்டை போட வேண்டாம்.

ஏப்ரல் 28

பெறுபேறு வந்துவிட்டதாம். இரண்டு ஏ, ஒரு பி. அரசியல் விஞ்ஞானத்தில்தான் பி என்று தம்பி வருத்தப்படுகிறார். எனக்கும் அதேதான் வந்தது.

ஜூன் 14

அண்ணனும் தங்கச்சியும் இன்று கந்தோருக்கு வந்தார்கள். கம்பஸ் விண்ணப்பம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்திய அரசின் புலமைப்பரிசில் ஒன்றுக்கும் போட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும். அண்ணன் நான் எழுதியதையெல்லாம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் பேசவில்லை, என் மேசையில் கிடந்த சொற்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வலுச் சமநிலைப் பக்கத்தில் நின்று, "இதில் அலையன்ஸ், பிளொக் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போட்டிருக்கு, பிழையல்லவா அக்கா?" என்றாள். பேனையைக் கொடுத்தேன். ஓரத்தில் எழுதினாள்.

சான்றிதழில் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் இன்னொரு விதம். எதை வைக்கிறது என்று கேட்டேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் இரண்டு பதில் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் முடிவு பண்ணிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.